சிவப்பு மீன்களும் தொங்கல் காம்பராவும்

ஹட்டன் டவுனில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் தங்கராசு போன மாதம் என் வீடு தேடி வந்துவிட்டார். ஐம்பது வயது மனிதர், முகம் வாடிக் கிடந்தது. கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் வால் கிழிந்த ஒரு மஞ்சள் மீன்.

"இது ஆப்பிரிக்கா மீனுங்க ஐயா. கொழும்புலேருந்து பன்னெண்டு கொண்டாந்து ஒரே தொட்டியில விட்டேன். இப்ப அஞ்சுதான் மிச்சம். தீனி போடுறேன், தண்ணி மாத்துறேன். இதுகளுக்கு இன்னும் என்னதான் வேணுமாம்?"

"பன்னிரண்டையும் ஒரே நாளிலயா விட்டீங்க?"

"இல்லைங்க. முதல்ல நாலு. ஒரு வாரங்கழிச்சு எட்டு."

"அப்ப அந்த நாலும் வீட்டுக்காரங்க. பின்னால வந்த எட்டும் வாசல்ல நிக்கிறவங்க. அடிக்காம என்ன செய்யும்?"

நான் சொன்னதையெல்லாம் எழுதித் தரும்படி அவர் கேட்டார். எழுதுகிறேன். ஆனால் மீனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் குடும்பக் கதையும் கூடவே வந்துவிடும். அதை விட்டுவிட்டு இதை மட்டும் சொல்ல எனக்குத் தெரியாது. பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

தோட்டத்து ஜனங்களான எங்கள் ஆட்களின் வாக்குரிமை பறிபோன மறுவருஷம், கந்தப்பளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், தோட்ட நிர்வாகியான பெரியதுரையின் பங்களாவில் வெந்நீர்க்காரனாகச் சேர்ந்தேன். விறகு பிளப்பது, பீப்பாயில் தண்ணீர் காய்ச்சுவது, விடிந்ததும் குளியலறைக்கு வாளி வாளியாகச் சுமப்பது. மூன்று வருஷம் அதுதான் வேலை. எந்த விறகு எவ்வளவு நேரம் எரியும், எந்தச் சூட்டில் தோல் பொறுக்கும் என்பது என் கைக்குத் தெரியும்.

நாலாவது வருஷம் துரைசாணிக்கு, அதாவது பெரியதுரையின் மனைவிக்கு, மீன் தொட்டி வந்தது. நாலடி நீளம், இரும்புச் சட்டம், அடியில் கற்பலகை. கம்பளி சுற்றிய தகரக் கேனில் எட்டு மீன்கள் நாணுஓயா ஸ்டேஷனில் வந்து இறங்கின. ஆப்பிரிக்கா மீன் என்றார்கள். நாலு விரல் நீளம்தான். சும்மா இருக்கும்போது மங்கிய பச்சை. கோபம் வந்தால், அல்லது ஜோடி சேர்ந்தால், உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பாகி, அதன்மேல் நீலப் புள்ளிகள் மின்னும். துரைசாணி அதற்கு நகை என்று அர்த்தம் வரும் ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். எங்களுக்கு அது செவப்பி.

அந்தக் குளிரில் நமக்கே பல் தந்தியடிக்கும். வெயில் நாட்டு மீன் தாங்குமா? கற்பலகைக்குக் கீழே மண்ணெண்ணெய் விளக்கு வைக்க வேண்டும், சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. துரைசாணி என்னைக் கூப்பிட்டார். அவர் பேசியது துரைமார் புத்தகத்தில் படித்த தோட்டத் தமிழ். மரியாதை விகுதி ஒன்றும் இருக்காது, ஆனால் மரியாதைக் குறைவாகவும் பேச மாட்டார்.

"மாரிமுத்து, நீ சூடு தெரிஞ்ச ஆள். இனிமே இது உன் வேலை."

அன்று முதல் வேலை மாறியது. அடுத்த பன்னிரண்டு வருஷம், அவர் ஊரைவிட்டுப் போகும் வரை, அந்தத் தொட்டிதான் என் பிழைப்பு.

துரைசாணி வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். தொட்டிக்கு முன்னால் ஒரு கித்தான் நாற்காலி. தண்ணீருக்குள் யார் கைவிடுவதாக இருந்தாலும், முதலில் அதில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவரும் உட்காருவார். மணிக்கூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். எது எதைத் துரத்துகிறது, துரத்தப்பட்டது எங்கே போய் நிற்கிறது, தீனி போட்டால் அது வந்து தின்கிறதா, இல்லையா. இரண்டு நாள் தின்ன வராத மீனை உடனே வெளியே எடுக்க வேண்டும். செதில் கிழியும் வரை காத்திருக்கக் கூடாது.

"அடி வாங்கின மீன் பசியில சாகாது. பயத்தில சாகும்" என்பார்.

கைக்குச் சவர்க்காரம் போடக் கூடாது. ஓடைத் தண்ணீரை இரண்டு நாள் பீப்பாயில் வைத்து, பதம் பார்த்து, வாரத்துக்குக் கால் தொட்டி மாற்ற வேண்டும். எனக்காகவே கோணல் எழுத்தில் தமிழில் எழுதி சுவரில் ஒட்டியிருந்தார்: 'சுடு 78. மண்புலு சின்னதா வெட்டு.' எழுத்துப் பிழையைப் பார்த்துச் சமையலறையில் சிரிப்போம். ஆனால் ஐம்பது தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா, வெந்நீர்க்காரன் படிக்க வேண்டுமென்று எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

முதல் எட்டு மீனில் மூன்று வாரத்துக்குள் ஐந்து செத்தன. ஒன்று செத்ததை நான் மறைத்தேன். கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று சொன்னேன். துரைசாணி பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

"நீ பொய் சொல்றே. கல்லுக்குப் பின்னால மீன் இருந்தா பெரியவன் அதை அடிக்க அங்க ரெண்டு தடவை போவான். போகல்லே."

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மீன் செத்ததற்கு அவர் ஒரு நாளும் ஏசியதில்லை. அந்தப் பொய்க்கு மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதன்பிறகு நான் அவரிடம் பொய் சொன்னதே கிடையாது.

போகப் போக இருவருமே கற்றுக்கொண்டோம். தங்கராசு, இதைக் கவனியுங்கள். பழக்கமில்லாத இரண்டு மீன் விட்டால் பலமானது மற்றதைக் கொல்லும். மூன்று விட்டால் இரண்டு சேர்ந்து ஒன்றைக் கொல்லும். ஆறு விட்டால் அடி பங்காகிப் போகும், ஒருவனே எல்லாவற்றையும் வாங்க மாட்டான். சாதுவான மீனைத் துணைக்கு விடலாமென்று நினைக்க வேண்டாம். ஓடையில் பிடித்த சின்ன மீன்களை விட்டுப் பார்த்தோம், மறுநாள் காலையில் முள்கூட மிஞ்சவில்லை. பூந்தொட்டிகளைப் படுக்க வைத்துப் பொந்து செய்யுங்கள். மீன் எத்தனையோ அதைவிட இரண்டு பொந்து கூடுதலாக இருக்கட்டும். ஒரு பொந்தின் வாசலிலிருந்து இன்னொரு பொந்தின் வாசல் தெரியக் கூடாது. பார்த்தால்தானே சண்டை.

இதையெல்லாம் துரைசாணி விளக்க விளக்க எனக்கு ஒரு பக்கம் ஆச்சரியமாக இருக்கும். இன்னொரு பக்கம் வயிறு எரியும். ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது நான் இருந்தது அண்ணனின் காம்பராவில். காம்பரா என்றால் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிற ஒற்றை அறை. பத்துக்குப் பன்னிரண்டு. அதற்குள் ஆறுமுகம் அண்ணன், செல்லம்மா மதினி, அவர்களுடைய ஐந்து பிள்ளைகள், நான், என் மனைவி பாக்கியம். ஒன்பது பேர், ஒரு அடுப்பு. நடுவில் ஒரு படங்குச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். பாக்கியமும் மதினியும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அடுப்பை யார் முதலில் மூட்டுவது, ஈரத் துணியை யார் எங்கே போடுவது என்று தினமும் வாய்ச் சண்டை. ஆறு வருஷம். கடைசியில் ஒரு நாள் மதினி அகப்பையை எறிய, அது பாக்கியத்தின் நெற்றியில் பட்டது. பாக்கியம் அழவில்லை. துணியை மூட்டை கட்டிக்கொண்டு மஸ்கெலியாவில் இருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போய்க் கூப்பிட்டேன்.

"எனக்கு உங்கமேல கோவமில்லைங்க" என்றாள். "மதினி மேலகூட இல்ல. ஒரு கதவு வேணும். நான் சாத்தினா சாத்துற மாதிரி ஒரு கதவு. அது கெடைச்சா சொல்லி அனுப்புங்க, ஓடி வர்றேன். இல்லாட்டி நீங்களும் வர வேணாம்."

எங்கள் லயத்தின் தொங்கலில், அதாவது கடைசி முனையில், ஒரு காம்பரா பூட்டிக் கிடந்தது. அங்கிருந்த குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போயிருந்தது. அதற்கு இருபது பேர் கண் வைத்திருந்தார்கள். நான் வெட்கத்தை விட்டு துரைசாணியிடம் கேட்டேன். அவர் அப்போது ஆறு மாத விடுமுறைக்குச் சீமைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தொட்டியில் புதிதாக வாங்கிய ஆறு செவப்பிகள் வளர்ந்துகொண்டிருந்தன. அவை குஞ்சு பொரித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஐந்து வருஷத்து ஆசை.

"நான் திரும்பி வரும்போது இதில குஞ்சு இருந்தா, தொங்கல் காம்பரா உனக்கு. தொரைகிட்ட நான் சொல்றேன்" என்றார்.

கார் கிளம்பும் நேரத்தில் சன்னல் வழியாகக் கடைசி உத்தரவும் வந்தது. "மாரிமுத்து, பேர் சேர்ந்தா, ஒரு பேர் மட்டும் தொட்டியில இருக்கணும். மத்தது எல்லாம் வெளியே. மறக்காதே."

"சரிங்க தொரசாணி" என்றேன்.

பேர் சேர்ந்தால், அதாவது கூட்டம் அதிகமானால், ஒரு பேரை மட்டும் விட்டுவிட வேண்டும். ஒரே ஒரு மீனா என்று மனதுக்குள் உறுத்தியது. ஆனால் பங்களாவில் சொன்னதைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. திருப்பிக் கேட்டால் காது கேட்காதவன் என்பார்கள், அடுத்த வாரம் தேயிலை மலை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். எனவே நாங்கள் எதற்கும் 'சரிங்க' என்றுதான் சொல்வோம்.

ஒரு மாதத்தில் பெரிய ஆணும் ஒரு பெண்ணும் இடது மூலைப் பூந்தொட்டியைப் பிடித்துக்கொண்டன. இரண்டும் ரத்தச் சிவப்பாகி, ஒரு தட்டைக் கல்லை வாயால் துடைத்துக்கொண்டே இருந்தன. மற்ற நான்கும் எதிர் மூலையில் ஒடுங்கி நின்றன. கூட்டம் அதிகமாகிவிட்டது என்று நான் தீர்மானித்தேன். பெரியவனை மட்டும் விட்டுவிட்டு ஐந்தையும் வாரி எடுத்தேன். சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தகரத் தொட்டியில் அவற்றை வைத்தேன். அதில் ஒன்று மறுநாளே செத்தது.

நாலாம் நாள் அப்பு வந்து எட்டிப் பார்த்தார். அப்பு என்றால் பங்களாவின் தலைமைச் சமையல்காரர். இங்கிலீஷ் தெரிந்தவர், வாய்த்துடுக்கும் உண்டு.

"என்னடா மாரி, மாப்பிள்ளை மட்டும் ஒத்தையில நிக்கிறாரு? பொண்ணு எங்க?"

"தொரசாணிதான் ஒரு பேர் மட்டும் வைக்கச் சொன்னாங்க."

அப்பு என்னையே பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அட மடையா, அது நம்ம பேர் இல்லடா. இங்கிலீசு பேர். பேருன்னா ஜோடி. ஒரு பேருன்னா ரெண்டு பேருடா."

தொங்கல் காம்பராவின் கதவு என் முகத்தில் அறைந்து சாத்தியது போல இருந்தது.

அந்தப் பெண்ணைத் தேடி எடுத்து, உடனே திரும்ப விட்டேன். அங்கேதான் வந்தது வினை. நாலு நாளாகத் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று ஆண்டுகொண்டிருந்தவன், தன் ஜோடியையே அந்நியமாகப் பார்த்தான். பத்து நிமிஷம் பார்க்கும் பொறுமை எனக்கில்லை. இரண்டே நிமிஷத்தில் அவள் வால் பாதி போய்விட்டது. நீர்மட்டத்துக்கு அடியில் மூலையில் தலைகீழாகத் தொங்கினாள். எடுத்து உப்புத் தண்ணீரில் வைத்துத் தேற்றினேன். பத்து நாள் கழித்து நடுவில் ஒரு கண்ணாடித் தகடு வைத்து, இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். அவன் கண்ணாடியில் மோதி மோதி வாயைக் கிழித்துக்கொண்டான். தகட்டை எடுத்ததும் மறுபடியும் அதே அடி. துரைசாணி திரும்ப இரண்டரை மாதம்தான் இருந்தது. மஸ்கெலியாவுக்குச் சொல்லி அனுப்ப என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

அந்தச் சமயத்தில் தீபாவளிக்கு லயத்தில் வெள்ளையடித்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை நடப்பது. பாய், பானை, அம்மி, சாமி படம் எல்லாவற்றையும் எல்லோரும் வாசலில் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். காம்பராக்கள் காலியாகிச் சுண்ணாம்பு வாசத்தோடு நிற்கும். எங்கள் கணக்கப்பிள்ளை கெட்டிக்காரர். வருஷம் முழுக்கச் சண்டை போட்ட குடும்பங்களை அவர் அன்றைக்குத்தான் இடம் மாற்றுவார். மற்ற நாளில் மாற்றினால் வெட்டுக்குத்து வரும். அன்றைக்கு வராது. புகைக்கரி படிந்த மூலை இல்லை, ஆணி அடித்த சுவர் இல்லை, இது என் இடம் என்று காட்ட யாருக்கும் ஓர் அடையாளம் இல்லை. எல்லோருமே புதுசாகக் குடி வருகிறவர்கள்.

நானும் அண்ணனின் அம்மியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏன்டா, பேயடிச்ச மாதிரி நிக்கிறே?" என்றார் அண்ணன்.

"ஒன்னுமில்லண்ணே. மீனுக்கும் வெள்ளையடிக்கணும்" என்றேன். அவர் மதினியைப் பார்த்துத் தலையில் விரலைச் சுழற்றிக் காட்டினார். பாக்கியம் போன துக்கத்தில் தம்பிக்கு மூளை கலங்கிவிட்டது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

மறுநாள் பெரியவனையும் வெளியே எடுத்தேன். கற்கள், பூந்தொட்டிகள், மணல் அத்தனையையும் அள்ளிக் கழுவினேன். இடது மூலைப் பொந்து வலது பக்கம் போயிற்று. நடுவில் கல் சுவர். விளக்கைக்கூட மறு முனைக்கு நகர்த்தினேன். முதலில் அவளை மட்டும் விட்டேன். இரண்டு நாள் அவளே பார்த்து ஒரு பொந்தைப் பிடித்தாள். பிறகு மற்ற மூன்றையும் விட்டேன், அடி பங்காகட்டும் என்று. கடைசியில், சாயங்காலம், அவனை விட்டேன். விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம். துரைசாணி போலவே.

அவன் பழைய மூலைக்குப் போனான். மூலை இல்லை. பொந்தைத் தேடினான். அதில் அவள் இருந்தாள். அவன் வாசலில் நின்று உடம்பைக் குலுக்கினான். அவளும் குலுக்கினாள். உள்ளே விடவில்லை, விரட்டவும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு சின்னவன் குறுக்கே வந்தான். இரண்டும் சேர்ந்து அவனைத் துரத்தின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரி ஒருவன் இருந்தால்தான் புருஷன் பெண்சாதி ஒற்றுமை என்று அப்புவிடம் சொன்னேன். அவர் தன் வீட்டில் அதற்கு மாமியார் இருப்பதாகச் சொன்னார்.

மூன்று வாரத்தில் தட்டைக் கல்லில் முட்டை. அன்றே மற்ற மூன்றையும் எடுத்தேன். ஒரு பேர் மட்டும்.

அதன்பிறகு அந்த மீன்களிடம் நான் பார்த்ததை எந்தக் கோயில் சுவரிலும் பார்த்ததில்லை. என் கையைக் கடித்துத் தோலைப் பிய்த்த அதே வாயால், தவறி விலகிப் போன குஞ்சை அவன் மெதுவாகக் கவ்வி எடுத்து வந்து கூட்டத்தில் துப்புவான். அவள் இரை தேடப் போனால் அவன் காவல், அவன் போனால் அவள். அவ்வளவு மூர்க்கமும் இதற்காகத்தான் என்று அன்றுதான் புரிந்தது.

துரைசாணி வந்து இறங்கினார். தொப்பியைக் கழற்றாமலே தொட்டிக்கு முன் உட்கார்ந்தார். குஞ்சுக் கூட்டம் மணல்மேல் நகர்ந்துகொண்டிருந்தது. மணிக்கூட்டைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு கேட்டார்.

"பெண்ணுக்கு வால் ஏன் குட்டை?"

பொய் சொல்லக் கூடாது. 'பேர்' விஷயத்தை முழுக்கச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது, பிறகு சிரித்தார், பிறகு கூர்ந்து பார்த்தார்.

"கல்லை மாத்தி, பொண்ணை முதல்ல விட்டு. இது எந்தப் புத்தகத்தில? யார் சொன்னது?"

"லயத்துல கத்துக்கிட்டதுங்க. வெள்ளையடிக்கிற நாள்ல. எங்க காம்பராவுல ரெண்டு குடும்பம், ஒன்பது உசுருங்க. ஆளுக்கு ஒரு பொந்து கெடையாதுங்க. அதனால எங்களுக்கு இது தெரியும்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். துரைசாணி தொட்டியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். நாலடி. உள்ளே இரண்டு பெரிய மீன், ஆறு பொந்து. அவர் என் பக்கம் திரும்பவில்லை. போகலாம் என்று கையால் காட்டினார்.

அவரை நான் மெச்சுவது தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்த பத்து நிமிஷங்களுக்காக. லயத்துக்கு முன்னால் அவர் ஒரு நாளும் அப்படி உட்காரவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் வாக்குத் தவறவில்லை.

மூன்றாம் நாள் கணக்கப்பிள்ளை லயத்து வாசலுக்கு வந்தார். கையில் சாவியும் ஒரு துண்டுக் காகிதமும். கோணல் எழுத்து தூரத்திலேயே எனக்குத் தெரிந்தது. எல்லோரும் கூடிவிட்டார்கள். அவர் வாசித்தார்.

"தொங்கல் காம்பரா. மாரிமுத்து. ஒரு பேர்." காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "என்னடா இது, ஒரு பேருன்னு போட்டிருக்கு. ஒனக்கு மட்டுந்தானா? அப்ப பாக்கியம் வரக் கூடாதா?"

"ஐயா" என்றேன். "அந்த ஒரு பேருன்னா ரெண்டு பேருங்க."

துரைசாணி பழக்கத்தில் எழுதினாரா, கேலிக்கு எழுதினாரா, நான் கேட்கவில்லை.

பாக்கியம் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். அன்று சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் செல்லம்மா மதினி. கையில் மூடி போட்ட சட்டி, கருவாட்டுக் குழம்பு வாசம். பாக்கியத்தின் நெற்றித் தழும்பைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு வருஷம் ஒரே படங்குச் சாக்குக்கு இரண்டு பக்கமும் படுத்திருந்தவர், வாசல் படிக்கு வெளியே நின்றபடி கேட்டார்.

"உள்ள வரலாமா, பாக்கியம்?"